ரெண்டு விரல் உயரம்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்கள் வேன் ஸ்டாண்டில் அதை யாரும் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘அண்ணே’, முதுகுக்குப் பின்னால் ‘ரெண்டு விரல்’. அது அவருக்கும் தெரியும். கோபப்படமாட்டார். யாரோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

நான் ஸ்டாண்டுக்கு எதிரே வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமாகிறது. கல்லாவில் உட்கார்ந்தால் எதிரே நிற்கும் அத்தனை வேன்களின் மூஞ்சியும் தெரியும். எந்த வண்டிக்கு எப்போது என்ன நோவு வரும் என்று அதன் சொந்தக்காரருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் அந்த வாய் பேசியிருக்க வேண்டிய ஒரு நேரத்தில் பேசாமல் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேகத்தடை போட்டார்கள். போட்டவனுக்கு யார்மேல் கோபமோ, வேகத்தடை போடச் சொன்னால் குட்டிச்சுவர் கட்டிவிட்டுப் போயிருந்தான். ஸ்டாண்டில் இருந்த வேன்கள் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒவ்வொன்றும் அதில் ஏறி இறங்கும்போது அடிவயிறு தேயும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் பல் கூசும். எல்லாரும் நகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

அந்த வேனுக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளமான இரும்புக் கம்பிகள் உண்டு. அந்தக் கம்பியின் முறுக்குத்தான் வண்டியைத் தாங்குகிறது. கம்பியின் கோடியில் ஒரு போல்ட் இருக்கும். அதை இறுக்கினால் முறுக்கு ஏறும், முன்பக்கம் தூக்கும். அவர் அதைக் கண்டுபிடித்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் நுழைந்த இடத்தில் ஆறு விரல் நுழைகிற மாதிரி இறுக்கினார். அடுத்த நாள் காலையில் அவர் வண்டி அந்தக் குட்டிச்சுவரைச் சத்தமில்லாமல் தாண்டியது.

அன்றிலிருந்து அவருக்கு ஓய்வில்லை. ‘அண்ணே, நம்ம வண்டிக்கும் ரெண்டு விரல் ஏத்திவிடுங்க’ என்று வரிசை கட்டி நின்றார்கள். காசு வாங்கமாட்டார். ‘ஒரு டீ சொல்லு, போதும்’ என்பார். ஆறு வருஷத்தில் இருபத்து மூன்று வண்டிகள். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர், ஒரு நாளும் சவாரிக்குத் தாமதமாகப் போனதில்லை. சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் டயர் காற்று பார்க்கிற அளவுகோல் இருக்கும். அப்படிப்பட்ட மனிதர் செய்தால் தப்பாக இருக்குமா என்று எல்லாரும் நினைத்தோம். நானும்தான் நினைத்தேன்.

ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அவர் ரொட்டிக்காரர். பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி போடுகிற வேன் அவருடையது. ‘உங்க வண்டிக்கும் ஏத்திவிடறேன்’ என்று இவர் வலியப் போய்க் கேட்டபோது, பத்துப் பேர் முன்னால் அவர் சொன்னார்:

“கம்பெனிக்காரன் என்ன முட்டாளா? அவன் வெச்ச உசரத்த மாத்த நீ யாருய்யா?”

இவருக்கு முகம் செத்துவிட்டது. “இனிமே அந்த வண்டியில நான் ஏறினா பொணமாத்தான் ஏறுவேன்” என்று ஸ்டாண்டு முழுக்கக் கேட்கச் சொன்னார். சொன்னபடியே இருந்தார். ஆறு வருஷம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ரொட்டி வேன் ஆஸ்பத்திரி வாசலில் அடி தேய்த்துக்கொண்டு போகும்போதெல்லாம் இங்கே ஒரு சிரிப்பு எழும்.

அதற்குப் பிறகுதான் என் கடைக்குக் கெட்ட பெயர் வர ஆரம்பித்தது.

முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு சாமான் உண்டு. பால் ஜாயின்ட் என்போம். நம் இடுப்பு மூட்டு மாதிரி ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. சக்கரம் ஏறி இறங்குவதும் திரும்புவதும் அதன்மேல்தான். நல்ல சாமான் நாலு வருஷம் உழைக்கும். எங்கள் ஸ்டாண்டில் அது முதலில் ஒரு வருஷத்தில் தேய்ந்தது. பிறகு எட்டு மாதம். போன வருஷம் நாலு மாதத்துக்கு ஒருமுறை வந்து நின்றார்கள்.

“என்னம்மா, போலிச் சரக்கு விக்கிறியா?” என்று சலவை வேன்காரர் கேட்டார். ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிறவர். வெள்ளையும் சள்ளையுமாக இருப்பார், வாய் மட்டும் அழுக்கு.

“நான் வித்த சாமான்ல போலி இருந்தா கடைய இழுத்து மூடிட்டுப் போறேன்” என்றேன். சொன்னேனே தவிர, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கம்பெனியை மாற்றினேன். உசத்தியான சரக்கு வரவழைத்தேன். அதுவும் நாலே மாதம்தான் வந்தது. திருப்பும்போது முன்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், டயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டை, பிறகு என் கடை வாசலில் ஒரு சண்டை. மாதாமாதம் இதே கதை.

ஒரு நாள் மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, திருப்பிக் கொண்டுவந்து வீசிய பழைய ஜாயின்ட்டுகளைப் பேப்பரில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பதினோரு துண்டுகள். பதினொன்றிலும் கிண்ணத்தின் ஒரே பக்கம் தேய்ந்திருந்தது, ரப்பர் உறை ஒரே இடத்தில் கிழிந்திருந்தது. குண்டு நேராக உட்காராமல் எப்போதும் சாய்ந்தே நின்றால்தான் அப்படித் தேயும். போலியாக இருந்தால் கண்டபடி தேய்ந்திருக்கும், இப்படிச் சொல்லி வைத்தாற்போல் தேயாது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ரொட்டிக்காரர் என்னிடம் பால் ஜாயின்ட் வாங்கி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இருபத்து மூன்று வண்டிகளிலும் தினம் யார் யார் ஏறுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு அந்தத் துண்டுகளைக் காட்டினேன்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஏத்தின வண்டிங்கதான் தேயுது. ஏத்தாதது தேயல. முன்னால தூக்கினதால சக்கரத்தத் தாங்கற ஆர்ம் சாஞ்சு நிக்குது, ஜாயின்ட் கோணலாவே வேல செய்யுது.”

அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஒத்துக்கொண்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

“ரொட்டிக்காரன் சொல்லிக் குடுத்தானா?” என்றார்.

“அவர் என் கடைக்கு வந்தே மூணு வருஷமாச்சுண்ணே.”

“தங்கச்சி, நீ சாமான் விக்கிற. ஓட்டறது நாங்க. வா, காட்டறேன்.”

வெளியே கூட்டிப்போனார். தன் வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அதாவது சேசிஸுக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தூக்கினார். முன் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. இரண்டு கையாலும் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அசைவே இல்லை. கல்லில் அடித்து வைத்தது போல் நின்றது.

“ஆட்டம் இருக்கா? ஜாயின்ட் போயிருந்தா ஆடணும்ல? நான் மொதல்ல ஓட்டுன வாடகைக் கார்லேர்ந்து இப்படித்தான் பாக்கறேன். ஒரு தடவகூட தப்பினதில்ல.”

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் ஆட்டிக் காட்டியது உண்மை, ஆடாததும் உண்மை. வாயை மூடிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். அவர் அன்றிலிருந்து வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா வண்டியையும் ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்த்து, ‘கல்லு மாதிரி இருக்கு’ என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் திங்கட்கிழமை காலையில் வண்டிகள் கிளம்பின. டொக் சத்தம் கேட்டால்கூட, ‘அண்ணன் பாத்துட்டாரு, ஒண்ணுமில்ல’ என்று ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டதற்கு இன்னொரு காரணம் இருந்தது. அவருடைய மகள்.

அவளும் வேன்தான் ஓட்டுகிறாள். பள்ளி வேன். பன்னிரண்டு பிள்ளைகள். அதில் கடைசி வாண்டு அவளுடைய சொந்த மகள், முன் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசும். பள்ளி மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து செங்குத்தாக ஒரு சரிவு, சரிவு முடிகிற இடத்தில் ஒரு வளைவு, வளைந்ததும் ஆற்றுப் பாலம். பாலத்தின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். தன் வண்டிக்கு அடுத்து அவர் முதலில் ஏற்றியது மகளுடைய வண்டியைத்தான்.

மேடும் சரிவுமான ரோடு, அவள் வண்டியில் ஜாயின்ட்டுக்கு நாலு மாதம்கூட ஆயுசு இல்லை. அவள் பத்து வாரத்துக்கு ஒருமுறை, அப்பா சவாரிக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து என் கடைக்கு வருவாள். இரண்டு பால் ஜாயின்ட் வாங்கிக்கொண்டு ஊர்க்கோடி மெக்கானிக்கிடம் போய் மாற்றிக்கொள்வாள்.

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. மனசு ஒடஞ்சு போயிடுவாரு.”

“போல்ட்டத் தளர்த்தி உசரத்தக் கொறச்சிடலாமேம்மா?”

“ஞாயித்துக்கெழம விரல் வெச்சுப் பாப்பாருக்கா. கண்டுபிடிச்சிடுவாரு. புதுசு மாட்டினாத்தான் வெளிய தெரியாது.”

நான் சரி என்றேன். பாசத்துக்காகத்தானே கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் கண் திறந்திருக்கும். மற்ற இருபத்து இரண்டு வண்டிகளுக்கும் சேர்த்துத் திறந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன மாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி மூன்று இருக்கும். சலவை வேன் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, என் கடை வாசலில் திரும்பியது. நடந்து போகிறவன் வேகம்கூட இல்லை. ‘டப்’ என்றது. முன் சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்து படுத்துவிட்டது. வண்டி, மாடு முன்னங்காலை மடித்து உட்காருகிற மாதிரி ரோட்டில் உட்கார்ந்தது. உள்ளே அடுக்கியிருந்த ஆஸ்பத்திரிப் போர்வை மூட்டைகள் முன்னால் சரிந்து டிரைவர் தலைமேல் விழுந்தன. அவருக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் வெளுத்துப் போயிருந்தார்.

“ஞாயித்துக்கெழமதானே அண்ணன் பாத்தாரு?” என்றுதான் முதலில் கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது.

ரெண்டு விரல் அண்ணன் கூட்டத்தில் நின்றிருந்தார். யாரோ என் கடையைப் பார்த்துக் கை நீட்டி, போலிச் சரக்கு என்று ஆரம்பித்தார்கள். அவர் அவர்களோடு சேரவில்லை. மடிந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழுது வண்டி இழுக்கிறவர் வந்தார். ஊருக்குப் புதியவர், யாருடைய பெருமையும் அவருக்குத் தெரியாது. மடிந்த பக்கத்தைக் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, நன்றாக இருந்த பக்கத்துக்கு வந்தார். ஜாக்கியைச் சேசிஸுக்குக் கீழே வைக்கவில்லை. சக்கரத்தை ஒட்டி இருக்கிற கீழ் ஆர்முக்கு அடியில் வைத்துத் தூக்கினார். சக்கரத்தை லேசாகத் தொட்டு ஆட்டினார். கடகடவென்று ஆடியது.

“இதுவும் போச்சு” என்றார் சாதாரணமாக.

“ஞாயித்துக்கெழம ஆடலயே” என்றார் நம் ஆள்.

“சேசிஸ்ல ஜாக்கி போட்டுப் பாத்தீங்களா? கார்ல அப்படிப் பாக்கலாம். இதுல பாக்கக் கூடாதுங்க. வண்டி அந்தரத்துல இருந்தாலும் கம்பி ஆர்மக் கீழ அழுத்திட்டே இருக்கும். எவ்ளோ தேஞ்சிருந்தாலும் இறுக்கமாத்தான் காட்டும். அதுவும் இந்த வண்டிக்கு யாரோ கம்பிய வேற கன்னாபின்னான்னு இறுக்கி வெச்சிருக்கான்.”

அண்ணன் தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையில் துடைத்தார். பிறகு தலையைத் திருப்பி என் கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. பள்ளி விடுகிற நேரம் மூன்று பதினைந்து.

நானும் அதே நேரத்தில் வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் கடைசியாக ஜாயின்ட் வாங்கிப்போய் பதின்மூன்று வாரம் ஆகிவிட்டது. பள்ளியில் பரீட்சை நேரம், ஒரு நாள்கூட வண்டியை நிறுத்த முடியவில்லை என்று போன வாரம் சொல்லியிருந்தாள்.

அவர் மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எடுக்கமாட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் போனைத் தொடக் கூடாது, அப்பனே கூப்பிட்டாலும் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

தன் வண்டியை நோக்கி ஓடினார். கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதுவும் அவர் ஏற்றிய வண்டிதான். வரிசையில் இருந்த வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அவர் கை பட்டவை. எதையும் நம்பி ஏற முடியாது.

ஓரத்தில் ரொட்டி வேன் நின்றிருந்தது. ரொட்டிக்காரர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து இஞ்சினைப் போட்டிருந்தார்.

“ஏறுய்யா” என்றார்.

அவர் ஏறினார். நான் கல்லாவைக்கூடப் பூட்டாமல் பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வேகத்தடையில் வண்டியின் அடி தேய்ந்து கத்தியது. ஆறு வருஷம் நாங்கள் சிரித்த அதே சத்தம். பாலத்தைத் தாண்டும்போது அவர் கைப்பிடிச் சுவரையும் கீழே தண்ணீரையும் பார்த்தார். நான் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

சரிவில் நாங்கள் ஏறும்போது மேலே மகளுடைய மஞ்சள் வேன் தலை காட்டியது. அவர் இடுப்பு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே வந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். ரொட்டிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டு எதிரே வருகிறவர்களுக்காக எல்லாம் பள்ளி வேன் நிற்காது. ஆனால் அந்த வேன் வேகம் குறைந்து, செங்குத்துச் சரிவு தொடங்குவதற்குச் சற்று முன்னால், சமதரையில் ஓரமாக நின்றது.

பின்னால் விசாரித்தேன். முதலில் பார்த்தது வாண்டுதானாம். ‘அம்மா, தாத்தா ரொட்டி வண்டியில வர்றாரு’ என்றதாம்.

மகள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அம்மாவுக்கு என்னாச்சுப்பா?” என்று கேட்டாள்.

அப்பா அந்த வண்டியில் ஏறியிருக்கிறார் என்றால் வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அதனால்தான் நின்றாள். அவருடைய அந்தச் சபதம் தவிர வேறு எதுவும் அன்றைக்கு அந்த வண்டியை நிறுத்தியிருக்காது.

‘ஒண்ணுமில்ல’ என்று கையாட்டிவிட்டு அவர் முன் சக்கரத்துக்கு ஓடினார். பிள்ளைகளை இறக்கி மதிலோரம் உட்கார வைத்தேன். ரொட்டிக்காரர் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தூக்கினார். இவர் மண்டி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அது கடகடவென்று ஆடியது. உள்ளே ரப்பர் உறை முழுசாகக் கிழிந்து தொங்கியது. குண்டு கிண்ணத்தைவிட்டு முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. கீழே இருக்கிற அந்த வளைவு வரைக்கும் தாங்கியிருக்குமா என்று நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

“ஏம்மா, சத்தம் கேக்கலயா? ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

“ரெண்டு தடவ சொன்னேன்பா. ஜாக்கி போட்டு ஆட்டிக் காட்டிட்டு, பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சீங்க. மூணாவது தடவ அக்காகிட்ட போயிட்டேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணே” என்றேன். பன்னிரண்டு பிள்ளைகளும் ரொட்டித் தட்டிலிருந்து ஆளுக்கொரு பன் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாளே அவர் சாக்கை விரித்தார். ஏற்றிய போல்ட்டை ஒவ்வொரு வண்டியிலும் தானே தளர்த்தினார். புது ஜாயின்ட்டும் தன் செலவில் போட்டுக் கொடுத்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். ‘ரெண்டு விரல்’ என்று முதுகுக்குப் பின்னால்கூட இப்போது யாரும் சொல்வதில்லை. வேகத்தடையில் எல்லா வண்டியும் தேய்த்துக்கொண்டுதான் போகிறது. அந்தச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

என் கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய பட்டியல் இருக்கிறது. இருபத்து மூன்று வண்டிகள். இருபத்து இரண்டை அடித்துவிட்டோம். கடைசி ஒன்று, நீல நிற வேன். ஸ்டாண்டில் இருந்த ஒருவர் வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்குத் தள்ளிவிட்டார். ரோட்டில் நீல வேன் எது போனாலும் இவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஓடி, மட்கார்டைப் பார்ப்பார். இரண்டு டிரைவர்கள் அடிக்கக்கூட வந்தார்கள்.

நாலு மாதம் தேடி, போன வாரம் அந்த விற்பனையை முடித்துவைத்த தரகரின் நம்பர் கிடைத்தது. என் கடையிலிருந்துதான் பேசினார். நான் பக்கத்தில் இருந்ததால் அந்தப் பக்கக் குரலும் கேட்டது.

“நீல வேனா? நல்லா ஞாபகம் இருக்கு. கடைசியா வாங்கினவர் நம்பர் இல்லீங்க, அவர் ஊரும் தெரியாது. ஆனா சந்தோஷமா வாங்கிட்டுப் போனாரு. முன்னால நல்லா உசரமா இருக்கு, மேடு பள்ளம் எதுலயும் தட்டாதுன்னு பாத்துதான் எடுத்தாரு.”

“எதுக்கு ஓட்டறாரு?” என்று இவர் கேட்டார்.

“அது தெரியாதுங்க. எடுக்கறதுக்கு முன்னாடி பின்னால சீட்டெல்லாம் மாத்தச் சொன்னாரு. சின்ன சீட்டா, பதினாலு போட்டோம்.”

அவர் போனைக் கீழே வைத்தார். காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, கடைசி வரிக்குப் பக்கத்தில் பதினாலு என்று எழுதி வைத்தார்.